ரெண்டு வரில சொல்லு

"கீஈஈங்... கீஈஈங்... கீஈஈங்!"

திரைப்பட விழா நடந்த தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் அலாரம் அலற, சின்னவன் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

"அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்கிற முதல் வாக்கியத்துக்கு அவனுக்குப் பதினைந்து நாள் பிடித்திருந்தது. அது வெளியே வந்து விழவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. விளக்குகூட இன்னும் அணையாத அரங்கில் முந்நூறு பேர் ஒருசேர எழுந்தார்கள்.

"எந்திரிடா! மசமசன்னு உட்கார்ந்திருக்க. பையை எடு. உன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கோ." அக்கா அதற்குள் நடைவழிக்குப் போய்விட்டாள்.

"அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"தீப்பிடிச்சிருக்குன்னு மணி அடிக்குது. உன் விஷயம் அதைவிட அவசரமா?"

அவசரம்தான். ஆனால் படிக்கட்டில் முட்டி மோதி இறங்கும் கூட்டத்துக்கு நடுவில் அதை யார் கேட்பது?

சின்னவனின் சங்கடம் போன வாரக் கதையிலேயே நமக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருஷம் மோட்டார் அறைகளில் கிரீஸ் பூசிக்கொண்ட பிறகு, கம்பெனி அவனை மேற்பார்வையாளராக்குகிறது. ஆனால் இந்த ஊரில் இல்லை. ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய வேறொரு ஊரில். வீடும் கம்பெனியே தரும். வருகிறேன், இல்லை என்று இன்றைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

மனைவி மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "அக்காகிட்ட நீங்களே நேர்ல சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் ஆபீசுக்குப் பதில் சொல்லணும்."

அதற்கென்ன, சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு வீராப்பாகத் தலையாட்டியவன்தான். அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. அவனுக்கு ஒன்பது வயதாகும்போது வீட்டில் பெரியவர்கள் என்று மிச்சமிருந்தது இருபது வயது அக்கா மட்டும்தான். முப்பத்தைந்தாகி லேசாகத் தொப்பையும் விழுந்தபிறகும் அவளுக்கு அவன் சின்னவன். பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த மூன்று அறை வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

நாலு மாடி இறங்கி எல்லோரும் கார் நிறுத்தும் இடத்தில் வந்து நின்றார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

"சரி, என்னமோ விஷயம்னியே. சொல்லு. ரெண்டு வரில சொல்லு," என்றாள் அக்கா.

இதுதான் அவள். வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் நம் மொழியில் எழுத்து ஓடுகிறதே, அதை எழுதுவது அவள் தொழில். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து. அதற்குமேல் போனால் பார்க்கிறவர்கள் முகத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பாள். தொழில் தொற்றிக்கொண்டு, வீட்டிலும் யாராவது நீட்டி முழக்கினால் பொறுக்காது. குழாய் ரிப்பேர்காரரில் ஆரம்பித்து குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரைக்கும் எல்லோரும் அவளிடம் இரண்டு வரியில்தான் பேசுகிறார்கள்.

சின்னவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததோ நாற்பது வரி.

"அதாவது அக்கா, வாழ்க்கைன்னு எடுத்துக்கிட்டா, ஒரு கட்டத்துல ஒரு மனுஷன்..."

"ஒரு வரி போச்சு."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா, பதறுகிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்கா, முழுசா சொல்ல விடு. இப்ப என் வேலையையே எடுத்துக்கோ..."

"எல்லாரும் கவனிங்க!" கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண், கை மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை மாதிரி ஒரு திண்டில் ஏறினாள். "பயப்பட ஒண்ணுமில்ல. பாப்கார்ன் மெஷின் கருகிடுச்சு, அவ்வளவுதான். எல்லாரும் மேல வரலாம். ஆனா லிஃப்ட் வேலை செய்யல. நடக்க முடியாதவங்க கொஞ்சம்..."

"என் தம்பி லிஃப்ட் மெக்கானிக்!" அக்காவின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "இதோ, இவன்தான்!"

"அக்கா, அது வேற கம்பெனி லிஃப்ட்."

"லிஃப்ட்னா மேல போகும், கீழ வரும். இதுல என்னடா வேற கம்பெனி? அங்க பாரு, சக்கர நாற்காலில ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். போ, போ."

போனான். லிஃப்டுக்கு ஒரு நோயும் இல்லை. அலாரம் அடித்தால் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றுவிடும். ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினால் மறுபடி எழுந்துகொள்ளும். அந்தச் சாவி காவலாளியிடம் இல்லை. கட்டிட மேலாளரின் மேஜையில் இருந்தது. மேஜைக்குச் சாவி மேலாளரின் பையில் இருந்தது. மேலாளர் லீவில் இருந்தார்.

கடைசியில் மேலாளரின் மைத்துனர் ஸ்கூட்டரில் சாவியைக் கொண்டுவந்து, லிஃப்ட் கிளம்பியபோது ஐம்பது நிமிஷம் போயிருந்தது. வாரத்தில் ஒரு நாள் லீவு. அதிலும் சட்டைக் கையில் கிரீஸ்.

படம் பாதியாவது முடிந்திருக்கும் என்ற ஒரே ஆறுதலோடு அவன் அரங்குக்குள் நுழைந்தான்.

"உனக்காகவும் அந்த நாற்காலிக்காரருக்காகவும் இப்பதான் முதல்லேருந்து போட்டிருக்காங்க," என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

அந்தப் படத்தில் ஒரு பெண் பேருந்துக்குக் காத்திருந்தாள். ஐம்பத்தைந்து நிமிஷம் காத்திருந்தாள். சின்னவனும் அவளோடு சேர்ந்து காத்திருந்தான். நடுவில் ஒரு தடவை, மனைவியைத் தாண்டி அக்கா பக்கம் சாய்ந்து, "அக்கா..." என்று ஆரம்பித்தான். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் "உஷ்ஷ்" என்றார். மனசுவிட்டுப் பேசுவதற்கு உலகத்திலேயே மோசமான இடம் எது என்று யாராவது கேட்டால், திரைப்பட விழா என்று இனி அவன் யோசிக்காமல் சொல்லிவிடுவான்.

விளக்கு வந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் பஸ்சே வரலையேக்கா?"

"அது பஸ் பத்தின படம் இல்லடா, மண்டு."

*

மதிய இடைவேளை முக்கால் மணி நேரம். இதில் சொல்லிவிடலாம் என்று அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். மூன்று டீ, மூன்று பன் வாங்க வரிசையில் நின்று, கையில் தட்டோடு திரும்பினால், அக்காவைச் சுற்றி ஆறு பேர்.

"சப்டைட்டில் மேடம்! போன வருஷம் நீங்க எழுதின அந்த மீனவர் படம் இன்னும் மறக்கல."

"மேடம், கெட்ட வார்த்தையெல்லாம் எப்படி எழுதறீங்க?"

"கேட்டதை எழுதறேன். எனக்கென்ன வெட்கம்?" என்று சிரித்தாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சின்னவன் கையில் டீ ஆறியது.

வீட்டில் அக்காவை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அறைக்குள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வசனத்தைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, திடீரென்று தானாகச் சிரித்து, தானாகத் திட்டிக்கொண்டு இருப்பவள். அவளை இத்தனை பேருக்குத் தெரியுமா? இத்தனை பேர் இருக்கும்போது நாங்கள் இரண்டு பேர் இல்லாவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றி, அது அவனுக்கே ஒரு நல்ல வாதமாகப் பட்டது. நாற்பது வரியில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மனைவி ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தாள். அவளிடம் போனான்.

"நீயாவது சொல்லிடேன்."

"நான் சொன்னா அது நான் எடுத்த முடிவா ஆயிடுங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததுதானே?"

அவள் கைக்குட்டையால் அவன் சட்டையிலிருந்த கிரீஸைத் தேய்த்தாள். அது இன்னும் கொஞ்சம் பரவியது.

அதிகம் பேசாதவள். அவள் வேலை அப்படி. மருத்துவமனையில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து வைப்பதைக் கேட்டுக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் குரல்தான் காதில். டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையை விட்டதும் இல்லை, சொல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் இல்லை என்று ஆறு வருஷமாக நல்ல பெயர். வேலை முடிந்து வந்தால் கொஞ்ச நாளாக அவளும் அக்காவின் அறையில்தான் கிடக்கிறாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா பேசிட்டிருக்கோம்" என்பார்கள். பேசாதவளுக்கு அங்கே என்ன பேச்சு?

"மணி ரெண்டாகப் போகுது. ஆறு மணிக்குள்ள..." என்றான்.

"தெரியும். நீங்கதானே சொல்றேன்னு சொன்னீங்க?"

"சொல்லவிட்டாத்தானே! மணி அடிக்குது, லிஃப்ட் நிக்குது, ஆள் ஆளுக்கு மேடம் மேடம்ங்கறான். நான் என்ன பண்ணட்டும்? நோட்டீஸ் அடிச்சு ஒட்டவா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தது போல் இருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல அடுத்த படம்!" என்றாள் அடையாள அட்டைக்காரி.

*

அடுத்த படத்தில் ஒரு கிழவர் சுவருக்கு வெள்ளை அடித்தார். எழுபது நிமிஷம் அடித்தார். இரண்டாவது கோட்டும் அடித்தார்.

முடிந்ததும் அப்பாடா என்று எழுந்தவனை அக்கா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "டைரக்டர் வந்திருக்கார்டா. கேள்வி பதில் இருக்கு. நடுவுல எந்திரிச்சா மரியாதையா இருக்காது."

டைரக்டர் மேடைக்கு வந்தார். மூன்றாவது வரிசையில் ஒருவர் மைக்கை வாங்கி, "எனக்கு ஒரு சின்னக் கேள்வி" என்று ஆரம்பித்தார். தன் சின்ன வயசிலிருந்து ஆரம்பித்தார். தன் வீட்டுச் சுவர், தன் அப்பா, தன் அப்பாவின் தூரிகை என்று எட்டு நிமிஷம் கழிந்தும் கேள்வி வந்தபாடில்லை. சின்னவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். தம்பிக்கு இரண்டு வரிக்குமேல் தராதவள், யாரோ ஒருவர் நாற்பது வரி பேசுவதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்!

அவனுக்கு வயிறு எரிந்தது.

பையில் போன் அதிர்ந்தது. அவன் கம்பெனி மேலாளரின் மெசேஜ். "என்னப்பா, ஆறு மணி வரைக்கும் நானும் உட்கார்ந்திருக்கணுமா? இன்னொருத்தர் இப்பவே ரெடியா இருக்கார். சொல்லு."

காலையிலிருந்து அடக்கிவைத்த எல்லாம் கட்டைவிரலுக்கு வந்தது.

"வர்றோம் சார். ரெண்டு பேரும்."

அனுப்பிவிட்டான். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்திருந்தான். ஆனால் சொல்லவேண்டிய ஆளிடம் இல்லை.

ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை மெல்லப் பைக்குள் தள்ளினான். பரவாயில்லை, ஆறு மணிக்குள் அக்காவிடம் சொல்லிவிட்டால் எது முன்னே எது பின்னே என்று யாருக்குத் தெரியப் போகிறது?

*

மூன்றரை மணிப் படத்துக்குத்தான் அவர்கள் வந்ததே. அக்கா தலையை வாரிக்கொண்டு, புடவையை ஒரு தடவை சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"இதுதான் நம்ம படம்," என்றாள். "கடைசியில பேர் போட்டு முடியற வரைக்கும் யாரும் அசையக்கூடாது. சொல்லிட்டேன்."

"எங்களுக்குத் தெரியாதா, உன் பேர் வரும்," என்றான் அவன்.

அக்கா அவன் மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். மனைவி சிரிக்கவில்லை. கைகள் இரண்டையும் மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"குளிருதா?"

"ஏசி கொஞ்சம் அதிகங்க."

எந்தத் தேசமோ, எந்த மொழியோ, ஒரு வார்த்தையும் அவனுக்குப் பிடிபடவில்லை. கடலோரத்தில் ஒரு வீடு. படகு இன்ஜின் பழுது பார்க்கும் ஒருவன், அவன் மனைவி, அவன் அம்மா. கீழே அக்காவின் எழுத்துகள் வந்து வந்து போயின. இந்தப் படத்தில் ஆட்கள் நகர்ந்தார்கள், பேசினார்கள், காபி குடித்தார்கள். சின்னவன் தன்னை அறியாமல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சமையலறை. சாப்பாடு முடிந்து அம்மா தன் அறைக்குப் போய்விட்டாள். மனைவி பாத்திரம் கழுவுகிறாள். இன்ஜின்காரன் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்து அடுக்குகிறான். ஏதோ தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிக்கிறான். கீழே எழுத்து வந்தது.

"அம்மாவுக்கு நாம ஒரு பழக்கம். அவ்வளவுதான்."

சின்னவனுக்குச் சுருக்கென்றது.

"டீத்தூளை மாத்தினாக்கூட ரெண்டு நாள் முகத்தைச் சுளிப்பா.
மூணாம் நாள் அதுவே பிடிச்சுப் போயிடும்."

 அது சின்னவன் பேசியது. அம்மா என்ற இடத்தில் அக்கா என்று போட்டால், ஓர் எழுத்து மாறாமல் அவன் பேசியது. பதினைந்து நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னது. படுக்கையறைக்கு அடுத்தது அக்காவின் அறை. நடுவில் இருப்பது சுவர் என்று பெயருக்கு ஒரு பலகை.

திரையில் யாரும் டீ குடிக்கவில்லை. அந்த வீட்டில் டீயே இல்லை. எல்லோரும் காபிதான் குடித்தார்கள்.

இன்ஜின்காரன் பேசி முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு ஒரே ஒரு தடவை அசைந்தது. அப்புறம் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் கீழே எழுத்துகள் வந்தன. வந்தவை போகவில்லை. ஒரு தட்டு முழுக்கக் கழுவி முடியும்வரை நின்றன.

"முடிவு பண்ணிட்டு வந்துதான் என்னைக் கேட்டீங்க.
அவங்க எனக்குப் பழக்கம் இல்ல. சாப்பிட்டியான்னு
இந்த வீட்ல என்னைக் கேக்கற ஒரே ஆள்.
நீங்க போங்க. நான் வரலை."

அரங்கில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பக்கத்தில் அக்கா முன்னால் சாய்ந்து, "நாலு வரி..." என்று முணுமுணுத்தாள். தான் எழுதியதைத் தானே எண்ணி ரசிக்கிறாள் என்று பட்டது சின்னவனுக்கு.

மனைவியைப் பார்த்தான். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. பாவம், அதிர்ந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அக்கா ஒட்டுக்கேட்டது ஒரு பக்கம். அவன் மனைவியின் வாயில் இல்லாத பதிலை வைத்து, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் கோடு கிழிப்பதா? அதுவும் முந்நூறு பேர் படிக்க?

அதற்குமேல் படத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. கடல் வந்தது, படகு வந்தது. கடைசியாக ஒரு கதவு மூடியது. முதல் பெயர் திரையில் எழும்போதே எழுந்துவிட்டான்.

"டேய், பேர் போடறாங்கடா! உட்காரு!"

நாலைந்து பேர் காலை மிதித்துக்கொண்டு அவன் வெளியே போனான்.

*

நாலாம் மாடிக் கூடத்தில் கருகிய பாப்கார்ன் வாசனை இன்னும் போகவில்லை. சுவர் முழுக்கப் பட விளம்பரங்கள். அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் மனைவி.

"என்னடா ஆச்சு உனக்கு? முக்கியமான இடத்துல எந்திரிச்சு ஓடற?"

"நல்லா எழுதியிருக்கக்கா. பிரமாதம்."

"அது என்ன பேச்சு?"

"காதுல அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பியே. உள்ள ஒண்ணுமே ஓடாது, இல்ல? எல்லாம் வேஷம். சுவத்துக்கு அந்தப் பக்கம் நாங்க என்ன பேசறோம்னு கேக்கறதுக்கு!"

அக்காவின் முகம் சிறுத்தது. "யாருடா கேட்டா? என்னத்தைக் கேட்டேன்?"

"பேசாதக்கா. மேடம் மேடம்னு நாலு பேர் சொன்னா எதை வேணா எழுதலாமா? என்னைத் திட்டணும்னா வீட்ல வச்சுத் திட்டு. என் பொண்டாட்டி சொல்லாததையெல்லாம் சொன்ன மாதிரி எழுதுவியா? நாங்க இந்த ஊரை விட்டுப் போறது உனக்குப் பிடிக்கலைன்னா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அது பாதியில் நின்றது.

"போறீங்களா?"

ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்ட விதத்தில், சின்னவனுக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. பன்னிரண்டு வருஷ வேலையில் ஒரு தடவை கயிறு நழுவி லிஃப்டோடு அரை மாடி இறங்கியிருக்கிறான். அப்போது வயிற்றில் இப்படித்தான் இருந்தது.

"உனக்கு... தெரியாதா?"

"எங்கடா போறீங்க?"

அவன் ஊரைச் சொன்னான். 

"எப்போ?"

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி."

"இதைத்தான் காலைலேருந்து சொல்ல வந்தியா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"நான்தான் ரெண்டு வரில சொல்லுன்னு கழுத்தை அறுத்துட்டேன்." அக்கா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயது அக்கா அந்த பெஞ்சில் திடீரென்று பள்ளிக்கூட வாசலில் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை போல இருந்தாள்.

நாற்பது வரியில் ஒரு வரிகூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"அக்கா, நீ கேக்கலைன்னா... அந்த டீத்தூள்? அந்தப் பழக்கம்? அதெல்லாம் எப்படிப் படத்துல வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? அந்தப் படத்தை நான் எழுதலையேடா."

"என்னது?"

"ஒரே வாரத்துல ரெண்டு படம் குடுத்துட்டாங்க. முடியல. அதான் ஒண்ணை இவகிட்ட குடுத்தேன். மூணு மாசமா உட்கார்ந்து கத்துக்கிட்டிருக்காளே. இங்கிலீஷ் வசனத் தாளைக் கையில குடுத்து எழுதச் சொன்னேன். எழுதினா. திருத்திப் பார்க்க நேரமில்லாம அப்படியே அனுப்பிட்டேன். கடைசியில இவ பேர்தான் வரும். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தோம்." அக்கா நிமிர்ந்து அவன் மனைவியைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. "நாலு வரி எதுக்கு கண்ணு? ரெண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தேனே?"

உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது.

சின்னவனின் பையில் போன் அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துப் பார்த்தான். மேலாளர்தான். "ரொம்ப சந்தோஷம். உங்க ரெண்டு பேருக்கும் வீடு ஏற்பாடு பண்ணியாச்சு. வாழ்த்துகள்." மனைவியின் கண்கள் போன் திரையில் அந்த எழுத்துகள் மேல் ஒரு கணம் நின்றதை அவன் பார்த்தான். போனை அவசரமாகக் கவிழ்த்தான். கவிழ்த்து என்ன பயன்? ஒரு வார்த்தை விடாமல் படித்துப் பழகிய கண்கள் அவை.

அரங்கின் கதவு திறந்து கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. யாரோ இருவர், "அந்தச் சமையலறை சீன் இருக்கே..." என்று பேசிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

அவன் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கிட்டத்தட்டக் கெஞ்சினான்.

"நான் பேசினதை நீ எழுதினே, சரி, என் தப்புதான். ஆனா அந்தப் பொண்ணு கடைசியில சொன்னாளே, நீங்க போங்க, நான் வரலைன்னு... அது அந்தப் படத்துல இருந்ததுதானே? தாள்ல அப்படித்தானே இருந்துச்சு?"

அவள் முதலில் பெஞ்சில் இருந்த அக்காவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தாள்ல அவளுக்கு 'சரி'ன்னு ஒரே ஒரு வார்த்தைதாங்க இருந்துச்சு. மத்ததெல்லாம் நான் சொன்னது."